பசி என்று எழுதிய ஜாடி

அந்த வீட்டில் மைதா மூட்டை ஒன்று, அதற்குப் பங்காளிகள் இரண்டு பேர். முன்னறையில் பைண்டர் அதை எடுத்துப் பசை காய்ச்சுவார். பின்னால் சமையலறையில் அவர் மனைவி அதே மாவில் ரொட்டி சுடுவாள். இரண்டு அறைக்கும் நடுவில் நிலை மட்டும்தான் உண்டு, கதவு கிடையாது. அந்தக் கதவைக் கழற்றித்தான் பைண்டர் தன் வேலை மேசையைச் செய்திருந்தார். ஆகையால் ரொட்டி வாசனை தடையில்லாமல் வந்து அட்டைகளுக்குள் புகுந்துகொள்ளும். அவரிடம் பைண்டிங் செய்த சட்டப் புத்தகத்தைத் திறந்தாலே பசிக்கிறது என்று வக்கீல் ஒருவர் குறைபட்டுக்கொண்டதும் உண்டு.

மனைவிக்குப் பிறந்த வீட்டில் சின்னவள் என்று பெயர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியும் பைண்டரும் 'சின்னு' என்றுதான் கூப்பிட்டார். அவள் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். பின்னல் வேலை கற்றுக்கொள்ளப் போய் ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டரோடு திரும்பியவள். சைக்கிள் பழகி, வலது பக்கம் திரும்புவதற்குள் நிறுத்திவிட்டவள். இதையெல்லாம் அவள் மறந்தாலும் அவளுடைய அக்கா மறக்கவில்லை. 'எங்க சின்னவ எதையும் பாதியிலதான் விடுவா' என்பது அக்கா வாயில் நன்றாகத் தேய்ந்து வழவழப்பாகிவிட்ட வாக்கியம்.

ரொட்டி ஒன்றைத்தான் அவள் இரண்டு வருஷமாக விடாமல் பிடித்திருந்தாள். அதற்கான ஓவன் அக்காவுடையது. அத்தானுக்கு அலுவலகக் குலுக்கலில் விழுந்த பரிசு அது. அக்கா வீட்டில் ஐந்து வருஷம் சாவிக்கொத்துகளும் பழைய செய்தித்தாளும் வைக்கும் அலமாரியாக உழைத்தது. பிறகு ஒருநாள் இடத்தை அடைக்கிறது என்று அக்காவே கொண்டுவந்து இறக்கி, "நீ வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த 'வச்சுக்கோ'வுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் இப்போது தகராறு. எடுத்துக்கொள் என்று சின்னவள் புரிந்துகொண்டிருந்தாள். பத்திரமாக வைத்திரு, கேட்கும்போது கொடு என்றுதான் சொன்னேன் என்றாள் அக்கா. தோழி வீட்டில் கேக் சாப்பிட்டுவிட்டு வந்த வேகத்தில் அவள் ஓவனைத் திருப்பிக் கேட்டுப் போன் செய்திருந்தாள்.

சின்னவள் கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் அக்கா ஒரு தீர்ப்புச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன். ஈஸ்ட் போட்டு எனக்கு எதையாவது காட்டாத, அது பேக்கரியிலயே கெடைக்கும். கடையில கெடைக்காத மாதிரி ஒரு ரொட்டி போடு பாப்போம். நல்லா இருந்தா ஓவன் அங்கயே இருக்கட்டும். இல்லேன்னா அன்னிக்கே வண்டியில ஏத்திடுவேன்."

சின்னவளுக்குப் பயமில்லை. அவளிடம் ஜாடி இருந்தது. மாவும் தண்ணீரும் கலந்து, தானாகப் புளிக்கவிட்டு, தினமும் இரண்டு வேளை புது மாவு போட்டு வளர்த்த புளிமாவு அதில் இருந்தது. அதில் ஒரு கரண்டி சேர்த்தால் போதும், பிசைந்த மாவு ராத்திரி முழுக்க மெல்லப் பொங்கி, காலையில் சட்டியைவிட்டு எட்டிப் பார்க்கும். சுட்டெடுத்தால் மேல்தோல் முறுகலாக, உள்ளே ஈரமும் ஓட்டையுமாக, லேசான புளிப்போடு ஒரு ரொட்டி வரும். அதன் முனைத்துண்டுக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் முறைவைத்துச் சாப்பிட்டார்கள். யார் முறை என்பதில் பைண்டருக்கு மட்டும் ஞாபகமறதி அதிகம்.

ஜாடிக்குச் சாப்பாடு போட்டாயிற்றா இல்லையா என்பது குழம்பிவிடக் கூடாது என்று அந்த வாரம்தான் அவள் ஓர் அட்டைத் துண்டை நூலில் கட்டி அதன் கழுத்தில் மாட்டினாள். ஒரு பக்கம் 'சாப்பிட்டாச்சு'. மறுபக்கம் 'பசி'.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அட்டையைப் பசிப் பக்கம் திருப்பிவிட்டு, வெண்ணெயும் தக்காளியும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். திரும்பி வரும்போது கால் வலி. வந்ததும் படுத்துவிட்டாள். விடிந்ததும் முதல் வேலையாக ஜாடிக்கு மாவு போட எழுந்து போனவள் சமையலறையில் அப்படியே நின்றாள்.

ஜாடி கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பளபளவென்று இருந்தது. பக்கத்தில் அந்த அட்டை. அதில் 'பசி' என்ற எழுத்தில் மேலே இருந்த சுழி சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்டு, சகரத்துக்கு முன்னால் அழகான ஓர் ஐகாரக் கொம்பு போடப்பட்டிருந்தது. பசை.

சின்னவளுக்கு எழுத்துப்பிழை வரும் என்பது வீட்டில் ஊரறிந்த விஷயம். மிளகை அவள் மிழகு என்றும் உருளையை உருலை என்றும் எழுதுவாள். கடைக்குப் போகும்முன் பைண்டர் சாமான் சீட்டை வாங்கிச் சிவப்புப் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். பதினோரு வருஷத்தில் அவள் ஒரு சொல்லைப் பிழையில்லாமல் எழுதியது அந்த அட்டையில்தான். அதையும் திருத்திவிட்டார் மனுஷர்.

அவள் கூப்பிட்ட குரலுக்குப் பைண்டர் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றார். தனக்காகப் பசை காய்ச்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று நேற்று உள்ளம் உருகிப்போனதையும், கைம்மாறாகத்தான் ஜாடியைக் கழுவி வைத்ததையும் சொன்னார். கொஞ்சம் புளித்த வாசனை வந்ததாம். பெண்டாட்டி ஆசையாகச் செய்ததைக் குறை சொல்லக் கூடாது என்று விட்டுவிட்டாராம்.

"அது என் புளிமாவுங்க" என்றாள் சின்னவள். "ரெண்டு வருஷமா வளத்தது."

பைண்டர் முன்னறைக்குப் போய் அழுத்தும் பிரஸ்ஸின் திருகைச் சுழற்றினார். உள்ளே வக்கீலின் புத்தகம் ராத்திரி முழுக்க இருந்தது. வெளியே எடுத்தால், ஓரமெல்லாம் நுரை பிதுங்கி, மேல்துணி கொப்புளம் கொப்புளமாக உப்பி, அது சட்டப் புத்தகமாகத் தெரியவில்லை. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினார். அது இறங்கி, மறுபடி மெதுவாக எழுந்தது.

"உன் மாவு நல்ல மாவு சின்னு" என்றார் பைண்டர், தாழ்ந்த குரலில்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கூடவே அக்காவின் குரல் காதில் கேட்டது: எதையும் பாதியிலதான் விடுவா. புதிதாகப் புளிக்கவைக்க ஒரு வாரம் வேண்டும். நாளைக்கு அக்கா வருகிறாள். பைண்டர் ஈஸ்ட் வாங்கி வரட்டுமா என்றார். அக்கா மூக்கு கண்டுபிடித்துவிடும். இரண்டு தெரு தள்ளி உள்ள பேக்கரியில் ரொட்டியே வாங்கி, மேலே கொஞ்சம் மாவு தூவி வைத்துவிடலாம் என்றார். அவள் பார்த்த பார்வையில் அந்த யோசனையை அவரே மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவள் கண் வேலை மேசையின் அடியில் போனது. ஈரத்துணி போட்டு மூடிய ஒரு கிண்ணம். சமையலறைக் கிண்ணம்.

இது பதினோரு வருஷத்துச் சண்டை. பைண்டர் உலகத்தில் உள்ள எல்லாப் பாத்திரத்தையும் கழுவுவார், பசைக் கிண்ணத்தை மட்டும் கழுவ மாட்டார். மீந்த பசை காயாமல் இருக்க ஈரத்துணி போட்டு மேசையடியில் தள்ளிவிடுவார். அதுவும் தன் கிண்ணம் இருக்க அவள் கிண்ணத்தைத்தான் எடுப்பார். துணியை விலக்கினாள். அடியில் இரண்டு கரண்டி புளிமாவு, சின்னச் சின்னக் குமிழி விட்டுக்கொண்டு உயிரோடு கிடந்தது. ஒரு அழுக்குக் கிண்ணத்தைப் பார்த்து மனம் குளிர்ந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

சட்டென்று இன்னொன்று உறைத்தது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவது பைண்டர் வழக்கம். அது விஷம்.

"துத்தம் போட்டீங்களா?"

பைண்டர் யோசித்தார்.

"இல்ல. நீயே போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

"பிரஷ்?"

"நேத்து வாங்கின புதுசு. பிரிச்சதே இதுக்குத்தான்."

பிறகு அன்று முழுவதும் அந்த இரண்டு கரண்டிக்கு நடந்த உபசாரம், பிள்ளை பெற்றவளுக்குக்கூட நடக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மாவு போட்டாள். வெயில் ஜன்னலைவிட்டு நகர நகர ஜாடியும் கூடவே நகர்ந்தது. மத்தியானம் மறுபடி ஒரு பிடி. வக்கீல் புத்தகத்தின் துணியை உரித்து, அட்டையைச் சுரண்டி, நிஜப் பசை காய்ச்சிக்கொண்டிருந்த பைண்டர் கால்மணிக்கு ஒருதரம் எட்டிப் பார்த்து, ஏறிவிட்டதா என்று விசாரித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாவு இரண்டு மடங்காக ஏறி மூடியைத் தொட்டது. அதில் கொஞ்சம் எடுத்துச் சேர்த்து அவள் சட்டியில் ரொட்டிக்கு மாவு பிசைந்து, ஒன்றுக்கு இரண்டு ரொட்டியாகவே போட்டுவிடுவோம் என்று இரண்டு உருண்டை உருட்டி, ஈரத்துணி போட்டு மூடினாள். துணியைப் போடும்போது புருஷன் ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பதினோரு மணிக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு பழைய போர்வை, ஒரு சுருள் கயிறு. அத்தான் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மூன்று மணிக்கு ஓவனை ஏற்றிக்கொள்ள வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். அக்கா நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"தொடாதக்கா, சூடா இருக்கு" என்றாள் சின்னவள்.

அக்கா கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு ஓவனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ரொட்டி மெல்ல நிமிர்ந்தது. மேலே கத்தியால் கீறிய கீறல் வாய் பிளந்து விரிந்தது. வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பானது. குறை சொல்ல வந்தவள் வாயைத் திறக்காமல் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்து வைத்த இடத்தில் இப்படி ஒன்று நடக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

வெளியே எடுத்ததும் அக்கா கத்தியைத் தேடினாள்.

"ஆறணும்க்கா. ஒரு மணி நேரம்."

"யாரு ஆறணும்?"

"ரொட்டிதான். நீயும் கொஞ்சம்."

கம்பித்தட்டில் இருந்த ரொட்டியின் மேல்தோல் ஆற ஆறச் சடசடவென்று சன்னமாக வெடித்துச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மேசை நிரம்பியது. பூண்டோடு சுட்ட தக்காளி, சாறு கசிந்து ஓரம் கருகி. மிளகு தூவிய அரைவேக்காட்டு முட்டை. கிண்ணத்தில் பருப்பு சூப். குளிர்ந்த வெண்ணெய்.

அக்கா முதல் துண்டை வெறுமனே தின்றாள். இரண்டாவதைச் சூப்பில் தோய்த்தாள். மூன்றாவதில் தக்காளியை நசுக்கிப் பரப்பினாள். சின்னவள் தட்டில் கைவைக்காமல் அக்காவின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனைத்துண்டு தன் முறை என்று சொல்ல வாயெடுத்த பைண்டர்கூட அன்று அடங்கிவிட்டார்.

"அந்த வெண்ணெய இப்படித் தள்ளு" என்றாள் அக்கா.

சின்னவள் அப்போதுதான் ஒரு வாய் எடுத்தாள். அது இறங்குவதற்குள் அக்கா அடுத்ததைச் சொன்னாள். "இவ்ளோ நல்லா வரும்னா நானே வீட்ல சுட்டுக்குவேனே."

பைண்டர் கூரையைப் பார்த்தார். சின்னவள் எழுந்து போய் ஜாடியைக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தாள்.

"அப்போ இதையும் எடுத்துட்டுப் போக்கா. காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் சாப்பாடு போடணும். மறந்தா செத்துடும். ஊருக்குப் போனா யார்கிட்டயாவது விட்டுட்டுப் போகணும். நான் ரெண்டு வருஷமா ஒருநாள் விட்டதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் கடைசி வாக்கியத்தைத் தன் வாயே சொன்னது அவளுக்குத் தெரிந்தது. அக்காவும் அதைக் கேட்டாள். ஜாடியில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்து, இந்தச் சிவப்புக் கிறுக்கல் என்ன என்றாள். பைண்டர் தப்பித்து முன்னறைக்குப் போவதற்குள் கதை முழுவதும் வெளியே வந்துவிட்டது. உப்பிய சட்டப் புத்தகத்தில் வரும்போது அக்காவுக்குப் புரை ஏறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாடியைத் தள்ளி வைத்தாள். "எனக்கு வேணாம்டி. எங்க வீட்ல ஏற்கனவே ஒண்ணு இருக்கு. மூணு வேளையும் பசின்னு எழுதிக் கழுத்துல மாட்டிக்காததுதான் பாக்கி. அதுக்குப் போடவே எனக்கு நேரம் சரியா இருக்கு. ஓவன நீயே வச்சுக்கோ."

"எந்த வச்சுக்கோ?" என்று நிலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பைண்டர் குரல் வந்தது.

"திருப்பிக் கேக்காத வச்சுக்கோ" என்றாள் அக்கா. "வேணும்னா எழுதித் தர்றேன், நீங்க திருத்திக்குங்க."

மூன்று மணிக்கு அத்தான் வண்டியை வாசலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக நின்றார். அக்கா ஒரு அட்டைப்பெட்டியோடு படியிறங்கி வந்தாள். உள்ளே இரண்டாவது ரொட்டி. பெட்டியைச் சுற்றி அந்தக் கயிறு, நீளம் அதிகமானதால் எட்டுச் சுற்று.

அத்தான் பெட்டியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "ஓவன் இவ்ளோ எளைச்சுப் போச்சா?" என்று கேட்டார்.