கை வைக்காதீங்க, மாஸ்டர்

நீச்சல் குளத்திலேயே காலம் தள்ளுகிற மனுஷனிடம் போய், தண்ணீருக்குள் ஒரு தலை தெரியும், நீங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? நீச்சல் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

பிரசவம் தண்ணீரில்தான் என்று அவர் மனைவிதான் ஒற்றைக்காலில் நின்றாள். மூத்தவளைப் பெற்றபோது மல்லாக்கப் படுக்கவைத்து, திரும்பக்கூட விடவில்லை; அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதன்பிறகு இன்னொரு பிள்ளை என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்தே பெறலாம், வலி தாங்கும்படி இருக்கும் என்று கேள்விப்பட்ட பிறகுதான் மனம் இறங்கினாள்.

"தண்ணியிலயா? வேற வினையே வேணாம்," என்றார் மாஸ்டர்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் உடம்பை விடு, தண்ணி தாங்கும்னு தொண்டை கிழியக் கத்துறீங்க. பெண்டாட்டியை மட்டும் தாங்காதா?"

அதற்குமேல் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் அவளிடம் எடுபடாது.

மருத்துவச்சி மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். மோதிரத்தைத் தேடி முங்கிய ஒரு பெரிய மனுஷரை, மூழ்குகிறார் என்று நினைத்துக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிவந்து வசவு வாங்கியவர் இவர் என்று அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"குழந்தை தண்ணிக்குள்ளதான் வரும். அதுக்கு வேண்டிய மூச்சு தொப்புள்கொடி வழியா போயிட்டே இருக்கும், பயப்படாதீங்க. நீங்க பதறி வெடுக்குன்னு தூக்கினா கொடி அறுந்து ரத்தம் போயிடும். நான் தூக்குறவரைக்கும் கை வைக்காதீங்க, மாஸ்டர்."

"சரிங்க," என்றார். அவர் கையின்மேல் அவருக்கே நம்பிக்கை இல்லை. எந்தத் தலை முங்கினாலும் புத்திக்கு முன்னால் கை போய்விடும்.

பிரசவ வலி கண்ட நாள் காலை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு, வலி வந்தபோதெல்லாம் பேச்சே எழவில்லை. தொட்டியில் இறங்கி, தண்ணீர் வயிற்றுக்கு மேல் ஏறியதும், காதுவரை ஏறியிருந்த தோள்கள் மெல்ல இறங்கின.

"அப்பாடா... வலி இருக்கு. ஆனா இப்ப மூச்சு விட முடியுது."

மாஸ்டர் தொட்டிக்கு வெளியே, அவள் முதுகுப்பக்கம் மண்டியிட்டு அக்குளுக்குள் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டார். வலி வரும்போது அவள் ஒருக்களித்தாள், முனகினாள், முழங்காலில் எழுந்தாள். யாரும் அதட்டவில்லை. இதையா வேண்டாம் என்று மல்லுக்கட்டினோம் என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

மதியம் தலை வந்தது. தலை மட்டும்தான். உடம்பு அடுத்த வலிக்காகக் காத்திருந்தது. தண்ணீருக்குள் ஒரு முகம், கண்ணை மூடி, ஆடாமல் அசையாமல் இருந்தது. மருத்துவச்சியோ அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டரின் வலது கை மனைவியின் அக்குளை விட்டுத் தண்ணீர்ப் பக்கம் தானாக நழுவத் தொடங்கியது. அவள் அதை உணர்ந்துவிட்டாள்.

"ஏங்க, என்னைப் பிடிங்க. என்னை மட்டும் பிடிங்க."

பிடித்தார். கண்ணை மூடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. அவர் வாழ்நாளில் காப்பாற்றியதிலேயே கஷ்டமானது, சும்மா இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அடுத்த வலியில் குழந்தை வழுக்கி வந்தது. மருத்துவச்சி நிதானமாகத் தூக்கி அம்மாவின் நெஞ்சில் கிடத்தினாள். குழந்தை கண்ணைத் திறந்து பேசாமல் கிடந்தது.

"ஏன் அழல?" என்று எம்பினார் மாஸ்டர்.

"அழணும்னு கட்டாயமா? நெஞ்சு ஏறி இறங்குது பாருங்க," என்றாள் மருத்துவச்சி.

பார்த்தார். நெஞ்சு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

அந்த அறையில் முதலில் வாய்விட்டு அழுதது மாஸ்டர்தான். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டுத்தான் குழந்தையும் அழத் தொடங்கியது.