இரைச்சல் நீக்கி

கௌதமனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஆனாலும் கிருத்திகைக் கூட்டத்தில், மொட்டைத் தலைகளுக்கும் காவடிகளுக்கும் நடுவே, சிபியூ பெட்டியைக் கைக்குழந்தை போல இடுக்கிக்கொண்டு அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணிக்கு வந்து சேர்ந்தான். எல்லாம் பெண்டாட்டி விஜிக்காக.

சென்னைக் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலைக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். திங்கட்கிழமை பேச்சுத் தேர்வு. தேறினால்தான் வேலை. ஆனால் வீட்டிலேயே நாலு விசைத்தறி, பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயம்மாள் வீட்டில் ஆறு. தினம் எட்டு மணி நேரம் இத்தனையையும் நிறுத்தி வைக்க யாரால் ஆகும்? அவள் பேசியதைப் பதிவு செய்து கேட்டால், தறிதான் பேசியது.

கம்ப்யூட்டர் கடை சுதாகர் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"அண்ணா, இந்த மதர்போர்டுக்குன்னே ஒரு ஆடியோ சாஃப்ட்வேர் இருக்குது. குரலை மட்டும் விட்டுட்டு, பின்னாடி வர்ற இரைச்சலை எடுத்துடும். போர்டு பழசாயிடுச்சி, சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. பழைய டிரைவர் ஃபைலைத் தேடிப் போட்டாதான் உண்டு."

"தேடிப் போடு சுதாகரு. அவ சரியா சாப்பிடாம சுத்திகினு இருக்கறா."

சுதாகர் கில்லாடி, போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தறிகள் ஓட ஓட விஜி மைக்கில் பேசினாள். கௌதமன் தெருக்கோடியில் நின்று போனில் கேட்டான். தறிச் சத்தம் துளியும் இல்லை. அவள் குரல் மட்டும் கணீரென்று வந்தது. ஜெயம்மாளும் வாங்கிக் கேட்டுவிட்டு, "ஆங், ரொம்ப நல்லா கேக்குது" என்று நற்சான்று கொடுத்தாள்.

திங்கட்கிழமை, தேர்வு ஆரம்பித்து ஐந்தே நிமிடம். விஜி மைக்கை மூடிக்கொண்டு திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"நான் கத்தறேனாம், பாவா! சண்டைக்கு வர்றீங்களான்னு கேக்கறாங்க!"

கௌதமனுக்கு அப்போதுதான் உறைத்தது. தறியின் இரைச்சலை சாஃப்ட்வேர் எடுத்துவிட்டது. தறிக்கு மேலாகப் பேசிப் பழகிய விஜியின் தொண்டையை அது என்ன செய்யும்? சரிபார்த்த இரண்டு பேரும் தறிக்காரர்கள். இந்த ஊரில் அதற்குக் கத்தல் என்று பெயரே கிடையாது.

சட்டென்று அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். உள்ளங்கையை விரித்துக் கீழே இறக்கிக் காட்டினான். கூடத்தில் தறியை மெதுவாக்கச் சொல்லும் சைகை அது. அவள் குரலைக் குறைத்தாள். அவனுக்கு இன்னும் கேட்டது. கையை மேலும் இறக்கினான். அவள் மேலும் குறைத்தாள். கடைசியில் உதடு மட்டும் அசைந்தது, அவன் காதில் தறிதான் விழுந்தது. அதுதான் சரியான அளவு என்று கட்டைவிரலைத் தூக்கினான். கொஞ்சம் கேட்டாலும் கை இறங்கும். இருபது நிமிடம் இமைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான், அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் கேட்காமல்.

புதன்கிழமை வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் கரன்ட் போய்த் தெருவே அடங்கிய நேரத்தில், விஜி புதுக் குரலில் மெல்லக் கேட்டாள்:

"பதினாலு வருஷமா உன்கிட்ட கத்திகினேவா இருந்தேன், பாவா?"

அவன் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் விழாதவன் போல, ஸ்டூலை இழுத்து அவளை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."