குலுங்கும் குரங்கு

“அப்ப உள்ள ஏன் குலுங்குது? அரிசிதானே?”

“மண்ணுண்ணே! சுடும்போது உள்ளே உதிர்ந்த மண்ணு!”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க லா.”

ஈஜோக் தோட்டத்து முள்வேலி வாசலில் காவல்காரர் டக்ளஸ், கான்ஸ்டன்ஸ் கையிலிருந்த மண்சிலையை உடைக்க இரும்புக் கம்பியை ஓங்கினார். வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம்; காட்டில் ஒளிந்து போராடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக்கூடாது.

கான்ஸ்டன்ஸுக்கோ காலையிலிருந்து சந்தோஷம் தாங்கவில்லை. ரங்கூனுக்குத் திரும்ப முடியாமல் இங்கே வந்த பிறகு அவள் சுட்ட சிலைகளெல்லாம் சூளையிலேயே வெடித்தன. இது ஒன்றுதான் விரிசலில்லாமல் வெந்திருந்தது: குட்டியை அணைத்த தாய்க்குரங்கு. சாம்பல் நிற மண், நெருப்பில் செம்மஞ்சளாகியிருந்தது.

“இந்தக் காட்டுக் குரங்குல பொறந்த குட்டிதானே மஞ்சளா இருக்கும், தாய் சாம்பலாத்தானே இருக்கும்? இதுல தாயும் மஞ்சளா இருக்கே. இது திருட்டுக் குரங்கு.”

“ரெண்டும் இன்னிக்குத்தாண்ணே பொறந்துச்சு!”

டக்ளஸ் சிரிக்கவில்லை. கோலாலம்பூர் கண்காட்சிக்குப் போகும் லோரி வெளியே ஹாரன் அடித்தது. சிலையின் அடியில் விரல் நுழையும் ஓட்டையைக் கான்ஸ்டன்ஸ் அவசரமாகக் காட்டினாள்.

“அண்ணே, அந்தக் கம்பியைக் கீழ வச்சிட்டு உங்க கைய நீட்டுங்களேன். நான் தலைகீழாக் கவுக்கிறேன். உள்ள இருக்கிறது உங்க உள்ளங்கையிலேயே கொட்டட்டும்ணே.”