எட்டாவது துளை

மூன்றாவது பெட்டியின் மூடியைத் திறந்த அரியமுத்து உள்ளே குனிந்து பார்த்தான். ஐந்து வரிசைகளில் நடுவில் இருந்த மூன்றில் கல் இல்லை. அடிப்பலகை தெரிந்தது. ஒரு மூலையில் கைப்பிடி அளவு வெள்ளை மண் காய்ந்து கிடந்தது. அவன் மூடியை மூடினான். மறுபடி திறந்து பார்த்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம், சித்திரை. செந்துறைக்குக் கிழக்கே காட்டோடையை மறித்து அணை கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. பணம் வெளிநாட்டு வங்கி ஒன்று தருவதாக இருந்தது. தருவதற்கு முன் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கரை வரப்போகும் கோட்டில் பன்னிரண்டு இடங்களில் மெஷின் வைத்துத் துளை போட்டார்கள். உள்ளிருந்து கல் உருளை உருளையாக வந்தது. வந்த வரிசையிலேயே மரப்பெட்டிகளில் அடுக்கி, துளையின் நம்பரும் ஆழமும் பெயிண்டில் எழுதி, தகரக் கொட்டகையில் வைத்தார்கள். ஒரு வரிசை ஒரு மீட்டர். கொட்டகைக்கு அரியமுத்து காவல். தினக்கூலி. கரை வரப்போகும் கோட்டுக்குக் கீழே, ஓடையோரம் இருந்த கீழத்தெருவிலிருந்து கொட்டகை வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான்.

உருளைகள் நல்ல சுண்ணாம்புக் கல். வழவழப்பானவை, கைக்கு அடங்கும் பருமன். குறுக்கே பார்த்தால் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும். அம்மிக் குழவிக்குச் செய்து வைத்தது போல இருக்கும். மெஷினுக்குத் தண்ணீர் சுமந்த பச்சையம்மாள் ஒன்றை முந்தானையில் சுற்றி எடுத்துப் போனாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். பங்குனியில் இது வெளியே வந்தது. ஜூனியர் இன்ஜினியர் தர்மராஜ் ஜீப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கே வந்தார். யார் வீட்டில் கல் இருக்கிறது என்று அரியமுத்துவைக் கேட்டார். அவன் பச்சையம்மாள் வீட்டைக் கையால் காட்டினான். மிளகாய் ஒட்டியபடியே அந்தக் கல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பச்சையம்மாளுக்கு வேலை போயிற்று.

"இனிமே ஒரு கல்லு குறைஞ்சாலும் நீயும் போயிடு. எனக்குப் பதில் சொல்லிக்கிட்டு நிக்காத" என்றார் தர்மராஜ்.

இப்போது மூன்று மீட்டர் கல் இல்லை. நாளை மறுநாள் வங்கியிலிருந்து வெள்ளைக்காரர் பெட்டிகளைப் பார்க்க வருகிறார். அதற்காகத் தூசி தட்டத்தான் அவன் மூடிகளைத் திறந்தான். எட்டாவது துளையின் இந்த மூன்றாவது பெட்டி வண்டியிலிருந்து இறங்கிய நாளிலிருந்து அவன் அதைத் திறந்ததே இல்லை. மெஷின் ஓட்டிய உத்திராபதியைக் கேட்கலாம் என்றால் அவர் கம்பெனி மெஷினைக் கழற்றிக்கொண்டு சேலம் போய் ஒரு மாதம் ஆகிறது. கொட்டகைச் சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது. தூங்கிய நேரங்களை எண்ணிப் பார்த்தான். மாமியார் கருமாதிக்குப் போன அரை நாளை நினைத்தான். சொன்னால் யார் நம்புவார்கள்? பச்சையம்மாளே முதலில் சிரிப்பாள்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு குவியல் கிடந்தது. மெஷினைச் சோதிக்கப் போட்ட துளைகளிலிருந்து வந்த கல். பெட்டியில் சேராதது, ஆனால் அதே பருமன். அவன் ஒரு கூடை அள்ளி வந்தான். எடுத்ததை எல்லாம் வைக்கவில்லை. மேல் வரிசைக் கடைசிக் கல்லின் நிறத்தைப் பார்த்து அதற்குப் பொருந்தும் கல்லைத் தேடினான். சிப்பி உள்ள கல்லுக்கு அடுத்துச் சிப்பி உள்ள கல்லை வைத்தான். உடைந்த முனை உடைந்த முனையோடு சேர்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். மத்தியானச் சோற்றுக்கு மனைவி குஞ்சம்மாள் வந்து கூப்பிட்டபோது வரவில்லை என்று அனுப்பிவிட்டான். பொழுது சாயும்போது மூன்று வரிசையும் நிறைந்திருந்தது. மூலையில் கிடந்த வெள்ளை மண்ணை விளக்குமாற்றால் கூட்டி வெளியே தள்ளினான்.

வெள்ளைக்காரர் வயதானவர். முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியிலும் குவளையால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். நனைந்த கல் நிறம் காட்டியது. எட்டாவது துளையின் பெட்டிகளிலும் ஊற்றினார். அரியமுத்து கதவோரம் நின்று தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரர் எழுந்து அவனைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"உன்னத்தான்யா சொல்றாரு" என்றார் தர்மராஜ். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "இந்தியாவுல எத்தனையோ எடத்துல பாத்தாராம். இவ்வளவு ஒழுங்கா வச்ச பெட்டியப் பாத்ததில்லையாம்."

அன்றைக்கே தர்மராஜ் கொட்டகையில் உட்கார்ந்து பெட்டிகளைப் பார்த்துப் பார்த்துத் துளை விவரம் எழுதினார். துளை போடும்போது உத்திராபதி எழுதிய நோட்டு சேலத்தில் இருந்தது. அதை வரவழைக்க நேரமில்லை. அறிக்கை சென்னைக்குப் போக வேண்டிய தேதி தாண்டியிருந்தது.

அணை வேலை எண்பதில் தொடங்கியது. லாரிகள் மண் கொட்டின. கீழத்தெருவில் ஆணும் பெண்ணும் கரை வேலைக்குப் போனார்கள். பச்சையம்மாளையும் சேர்த்துக்கொண்டார்கள். அவள் அரியமுத்துவிடம் பேசுவதில்லை. அவன் கொட்டகையிலிருந்து சிமெண்டு கிடங்குக்கு மாறினான். வேலை நிரந்தரமாகும் என்று தர்மராஜ் சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் சைக்கிளில் போகும்போது கரை ஒரு முழம் உயர்ந்திருப்பதாகத் தோன்றும். அவனுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

எண்பத்திரண்டு ஆடியில் செந்துறை பஸ் ஸ்டாண்டில் உத்திராபதியைப் பார்த்தான். ஆண்டிமடம் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் ஆழ்குழாய்க் கிணறு போட வந்திருந்தார். இருவரும் டீ குடித்தார்கள்.

"கரை எவ்வளவுய்யா ஏறியிருக்கு?"

"முக்காவாசி ஏறிடுச்சுங்க."

"அந்த எட்டாம் நம்பர் எடத்த என்னா பண்ணாங்க? சிமெண்டுக் கரைசல் உட்டு அடைச்சாங்களா?"

"எந்த எடம்?"

"எட்டாம் நம்பர் துளைதான்யா. பதினோரு மீட்டர்ல கம்பி தானா எறங்குச்சு. மூணு மீட்டர். எனக்கு உசுரே போயிடுச்சு, மெஷினே உள்ள போயிடுமோன்னு. வுட்ட தண்ணி ஒரு சொட்டு மேல திரும்பல. கல்லு எங்கேந்து வரும்? பொந்து. சுண்ணாம்புக் கல்லுல தண்ணி அரிச்சு அரிச்சு குகையாட்டம் கெடக்கும். அதான் பெட்டிய அப்படியே காலியா வுட்டேன். பாக்கறவனுக்குத் தெரியணும்ல?"

அரியமுத்து டீயைக் கீழே வைத்தான். ஆடை படிந்தது. உத்திராபதி பேசிக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு இடத்தின் மேல் தண்ணீரைத் தேக்கினால் தண்ணீர் அடியில் வழி தேடும். தேடினால் தவறில்லை, எந்தக் கரையும் கொஞ்சம் கசியும். "கசியற தண்ணி தெளிவா இருக்கறவரைக்கும் பயமில்ல. கலங்கி வந்துச்சுன்னா மண்ணத் தூக்கிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்புறம் நேரம் இருக்காது." பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

தர்மராஜிடம் சொல்ல நாலு நாள் ஆயிற்று. ஆபீசில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து நின்றான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தர்மராஜ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு பீரோவிலிருந்து வங்கிக்காரர்கள் எழுதிய தடிமனான அறிக்கை ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார்.

"இதுல ஒரு அத்தியாயமே இருக்கு. என்னென்ன ஆபத்து வரலாம்னு. சிமெண்டு விலை ஏறினா என்ன, டாலர் ஏறினா என்ன, நிலத்துக்காரங்க கேஸ் போட்டா என்ன, நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழை வந்தா என்ன. எல்லாத்துக்கும் வழி எழுதியிருக்கான். அஸ்திவாரப் பாறைக்கு என்ன எழுதியிருக்குத் தெரியுமா? ஆபத்து குறைவு." அந்த வரியின் கீழ் விரலை வைத்தார். "எத வச்சு எழுதினான்? நான் எழுதிக் குடுத்தத வச்சு."

"இப்பச் சொன்னா அடைக்க மாட்டாங்களா சார்?"

"கரை மேல ஏறி நிக்குது. அதப் பிரிக்கணும். யார் பிரிப்பா? கல்ல எவன் வச்சான்னு கேப்பாங்க. அடுத்து, மெஷின்காரன் நோட்டப் பாக்காம எவன் எழுதினான்னு கேப்பாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு அரியமுத்து."

"கீழ எங்க தெரு இருக்குங்க."

"தெரியும்யா." அறிக்கையை மூடினார். "ஒண்ணும் ஆகாது. கசிவுக்குக் கால்வாய் வச்சிருக்கோம். நல்ல ஆளாப் போட்டு தினமும் பாக்கச் சொல்லிட்டாப் போதும்."

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. அரியமுத்து அணையின் லஸ்கர். மதகைத் திறந்து மூட வேண்டும், கரையைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அடிவாரக் கால்வாயில் வரும் கசிவைத் தினமும் நோட்டில் எழுத வேண்டும். நிரந்தர வேலை. கரைக்குக் கீழேயே ஓட்டு வீடு. தர்மராஜ் உத்தரவைக் கையில் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. குஞ்சம்மாள் சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போய் மாவிளக்கு போட்டு வந்தாள். அவளிடம் அவன் எதையும் சொல்லவில்லை.

எண்பத்துமூன்று ஐப்பசியில் முதல்முறையாகத் தண்ணீர் பிடித்தார்கள். மழை விடாமல் பெய்தது. கீழத்தெரு முழுக்கக் கரை மேல் ஏறி நின்று பார்த்தது. அரியமுத்து தினமும் விடிந்ததும் கண்ணாடி டம்ளரோடு கால்வாய்க்குப் போவான். மொண்டு, வானத்துக்கு எதிரே பிடிப்பான். கொஞ்ச நேரம் கல்லில் வைத்துவிட்டு மறுபடி பிடிப்பான். பிறகு நோட்டில் 'தெளிவு' என்று எழுதுவான். அவன் நன்றாக எழுதப் பழகிய வார்த்தை அது ஒன்றுதான். குஞ்சம்மாள் கேலி செய்தாள். "பொண்டாட்டி வச்ச ரசத்த இப்படித் தூக்கிப் புடிச்சுப் பாத்திருக்கியா ஒரு நாளு?"

கார்த்திகை ஏழாம் நாள் டம்ளரில் தண்ணீர் வெளுத்திருந்தது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. கல்லில் வைத்தான். அடியில் நகக்கண் அளவு வெள்ளை மண் இறங்கியது. கொட்டிவிட்டு வேறு இடத்தில் மொண்டான். அதுவும் வெளுப்பு. கால்வாயில் தண்ணீர் முந்தின நாளைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது.

மதகை முழுக்கத் திறந்தான். சைக்கிளில் செந்துறை ஆபீசுக்குப் போனான். புது இன்ஜினியர் திருச்சிக்கு மீட்டிங் போயிருந்தார். மழையில் போன் லைன் செத்திருந்தது. கிளார்க் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "நேத்து வரைக்கும் தெளிவுன்னுதானய்யா நீயே எழுதியிருக்க? மழைத் தண்ணி கலங்காம என்ன பண்ணும்? போ, சார் வந்ததும் சொல்றேன்."

அவன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கீழத்தெருவுக்குப் போனான். மழை தூறலாக இருந்தது. அடுப்புகள் புகைந்தன. வாய்விட்டுக் கத்தினான். கரை உடையப் போகிறது, மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றான். பத்திருபது பேர் வெளியே வந்தார்கள். தெருவில் நல்லது கெட்டதுக்கு முன் நிற்கும் பிச்சைமுத்து தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஆபீஸ்ல சொன்னாங்களா?"

"இல்லீங்க மாமா."

"பின்ன? போன வாரம்தான் கலெக்டர் வந்து, இன்னும் நூறு வருஷத்துக்கு அசையாதுன்னு மைக்குல பேசிட்டுப் போனாரு. இந்த மழையில புள்ளகுட்டியெல்லாம் இழுத்துக்கிட்டு எங்கடா போறது?"

"சர்க்காரு சம்பளம் வாங்கறவரு காய்ச்சல்ல பொலம்புறாரு" என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் வீட்டுக்குள் திரும்பிவிட்டார்கள்.

குஞ்சம்மாள் சத்தம் கேட்டுக் கரையடி வீட்டிலிருந்து ஓடி வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது. அரியமுத்து அவளைப் பார்த்தான். சொன்னால் வேலை போகும். வீடு போகும். இந்தத் தெருவில் திரும்ப ஒரு இடம் கிடைக்குமா என்பதும் தெரியாது.

"அடியில பொந்து இருக்கு" என்றான். "பெட்டியில அந்த எடம் காலியா இருந்துச்சு. கல்லு திருடு போயிடுச்சுன்னு நெனச்சு நாந்தான் வேற கல்ல வச்சு அடச்சேன். அதப் பாத்துத்தான் கட்டினாங்க. தெரிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சொல்லல."

கூரை முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஒரு கல்லுக்கு என்னயக் காட்டிக் குடுத்தியே" என்றாள் பச்சையம்மாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பிச்சைமுத்து அவன் சட்டையைப் பிடித்தார். அடிப்பதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. யாரோ அழத் தொடங்கினார்கள். யாரோ, இவன் குடித்திருக்கிறான் என்றார்கள். குஞ்சம்மாள் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வீட்டிலிருந்து மலர்க்கொடி என்ற பெண் வெளியே வந்தாள். போன தையில்தான் இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டிருப்பாள் போல. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பாதி வெந்த சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி, சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றியிருந்தாள். ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆட்டுக்குட்டியை இழுத்தபடி, கூட்டத்தைத் தாண்டி, மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழுக்கும் செம்மண் ஏற்றத்தில் ஏறத் தொடங்கினாள். தெரு நின்று அவளைப் பார்த்தது. தூறலில் பானையின் வாயிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருந்தது.