ஒரே ஒரு பியான்

சகாயராஜ் தமிழில் பேசத் தொடங்கினாலும் பாதியில் பர்மியத்துக்குத் தாவிவிடுவான். அம்மாவைக்கூட பர்மியத்தில் 'அமே' என்றுதான் கூப்பிடுவான். அந்த அம்மா, மார்த்தா, திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள்.

வளைகுடாவில், வேலி போட்டுக் காக்கும் ஒரு பாலைவனக் காட்டில் அவனுக்கு வேலை. தொட்டிகளில் தண்ணீர் நிரப்ப வேண்டும், அடிபட்ட பிராணிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரங்கூனில் தாமுவே பகுதியில் மாடி வீட்டில் தனியாகக் கிடக்கும் மார்த்தா, அவன் போனில் அனுப்பும் குரல் செய்திகளை வைத்துத்தான் பொழுதைத் தள்ளினாள். தன்னைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டான், கல்லுளிமங்கன். நீண்ட கொம்புள்ள வெள்ளை மான்கள் வன்னிமர நிழலுக்கு மல்லுக்கு நிற்கின்றனவாம். ஆண் கல்கவுதாரி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போய்க் குஞ்சுகளின் தாகம் தீர்க்கிறதாம். கானமயில் ஜாதிப் பறவை ஒன்று றெக்கையில் அடிபட்டுக் கூண்டில் இருக்கிறது, அவன் கையால் கொடுத்தால்தான் தின்னுமாம். நீ சாப்பிட்டாயா என்று கேட்டால், உடும்பு என்ன சாப்பிட்டது என்று பதில் வரும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அதையே போட்டுப் போட்டுக் கேட்பாள். அந்த வீட்டில் வேறு குரல் கிடையாது.

அன்று காலை வந்த செய்தியில் ஒரே காற்றிரைச்சல். அதற்கு மேல் அவன் கத்தல்: "அமே, பியான் பீ!" பிறகு சிரிப்பு. அவ்வளவுதான்.

ரங்கூனில் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற எவரும் சொல்வது அதைத்தான். திரும்பியாச்சு, கிளம்பியாச்சு என்று அர்த்தம். மார்த்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் கட்டிலைத் துடைத்துப் புதுத் துப்பட்டி விரித்தாள். கடைக்கு ஓடி, பேரம்கூடப் பேசாமல் உல்லம் மீன் வாங்கினாள். திரும்பும்போது படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டுக் காளியம்மாவிடம், "எம்பிள்ள வர்றான்" என்றாள்.

காளியம்மா முகம் மாறியது. "இப்பவா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சாக்கா? வயசுப் பிள்ளைகளப் பட்டாளத்துக்குப் புடிக்கிறாங்க. வந்து எறங்குனா மறுபடி வெளிய போக விடுவாங்களா? விஜயகுமாரி மவனைக் கூட்டிட்டுப் போனதுதான், இன்னும் ஒரு சேதி இல்ல."

மார்த்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெரியாத விஷயமா? சந்தோஷத்தில் மறந்து தொலைத்திருந்தாள். அதைவிடக் கொடுமை, தெரிந்த பிறகும் அவன் வந்தால் தேவலை என்று ஒரு மனசு அடித்துக்கொண்டது. அந்த மனசை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மீன் பையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"தம்பி, வராத. எனக்கு இங்க ஒரு குறையுமில்ல. ஒன்னப் பாத்தே ஆகணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல. அங்கயே இரு."

பொய்யை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"நான் எப்ப வர்றேன்னு சொன்னேன், அமே?"

"பியான் பீன்னு கத்துனியே!"

"அது பறவை, அமே! கூண்டுல இருந்துச்சே, அது. இன்னிக்குத் தொறந்து விட்டோம். பறந்துடுச்சு. அந்த பியான்."

பர்மியத்தில் திரும்புவதும் பியான், பறப்பதும் பியான். காதுக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது.

"அட கழுதை, பறவைன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னா என்ன?" மார்த்தா சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"அமே, வராதன்னு நெசமாத்தான் சொன்னியா?"

"நெசமாத்தான்."

"இல்ல, கிறிஸ்மஸுக்கு லீவு கேட்டிருந்தேன். ஒனக்குச் சொல்லாம வந்து நிக்கலாம்னு... சரி, வேணாம்னு சொல்லிடறேன்."

மார்த்தா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், கிளம்பி வந்துவிடுவான்.

"சொல்லிடு" என்றாள். "அந்தப் பறவை எந்தப் பக்கம் போச்சு?"

"ஒரு சுத்துச் சுத்திட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு, அமே. திரும்பிக்கூடப் பாக்கல."

"நல்லது" என்றாள் மார்த்தா. மேலே வந்து மீனைச் சுத்தம் செய்தாள். விரித்த துப்பட்டியை எடுக்க மட்டும் மனம் வரவில்லை.