பூனைக்கு நூறு மார்க்

ஜாஸ்லின் ஒரே ஒரு காரியத்தைத்தான் கேட்டாள். பதினொன்றாம் வகுப்பிலும் தமிழ்தான் படிப்பேன் என்றாள். அதற்காக அவள் அப்பா பெஞ்சமினை ஆபீசுக்கு லீவு போடவைத்து, கே.கே. நகரிலிருந்து வரவழைத்து, பிரின்சிபால் அறையில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். பெண் ஏதோ கொலைக்குற்றம் செய்துவிட்ட மாதிரி.

அந்தப் பள்ளியில் ஏ செக்‌ஷன் என்றால் ராங்க் வாங்கும் பிள்ளைகள். அவர்களுக்குத் தமிழ் கிடையாது, பிரெஞ்சுதான். தமிழில் என்னதான் முட்டி மோதினாலும் நாலைந்து மார்க் போய்விடும். பிரெஞ்சில் நூறு உறுதி. கிடைக்காமல் என்ன? ஆனா, ஆவன்னாவிலிருந்து தொடங்குகிற பாடம். உன் பெயர் என்ன, உன் வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது என்று பிழையில்லாமல் எழுதினால் போதும்.

"பாப்பா, மேடம் சொல்றதைக் கேளு," என்றார் பெஞ்சமின். ஃபேனுக்கு அடியிலும் அவருக்கு வியர்த்தது.

"பழைய பாட்டையெல்லாம் படிச்சு என்னம்மா ஆகப்போகுது?" என்று பிரின்சிபால் கேத்தரின் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பைக் கண்டதும் ஜாஸ்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆகியிருக்கு மேடம்," என்றவள் போன வருடம் டியூஷனில் நடந்ததைச் சொன்னாள்.

முசிறியிலிருந்து வரும் வேணி பஸ் கிடைக்காமல் அன்று தாமதமாக வந்தாள். "உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு? அப்பன்கூட வாழைத்தார் தூக்கப் போ," என்றார் சார். வேணி தலை நிமிரவில்லை. அந்த வாரம்தான் பள்ளியில் ஒரு பழைய பாட்டு நடத்தியிருந்தார்கள். தலைவியை அலையவிடுகிற தலைவனை வழிமறித்து, அவள் தோழி முகத்துக்கு நேரே கேள்வி கேட்கிற பாட்டு. தலைவியால் பேச முடியாத இடத்தில் தோழி பேசுகிறாள். அவளுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை, இருந்தாலும் பேசுகிறாள். ஜாஸ்லின் எழுந்துவிட்டாள்.

"லேட்டா வந்ததுக்குத் திட்டுங்க சார். அவங்க அப்பாவை ஏன் இழுக்கறீங்க?"

அதுவரை யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத பெண் அவள். இதையெல்லாம் சொல்லி முடித்தபோது குரல் நடுங்கியது. பயம் இல்லை, கோபம்.

"எனக்குப் பதினாறு வயசு மேடம். இந்த வயசுல என்னென்னவோ கேட்கத் தோணுது. அதையெல்லாம் எப்பவோ கேட்டு எழுதி வச்சிருக்காங்க. அதைப் படிக்காம நான் பூனையைப் பத்தி எழுதிட்டு இருக்கணுமா?"

கேத்தரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "தமிழ் வேணும்னா டி செக்‌ஷன்தான். அங்க எல்லாரும் சுமாராப் படிக்கிறவங்க. யோசிச்சுக்கோ."

பெஞ்சமின் மகள் பக்கம் திரும்பினார். "ராங்க் போயிடும்மா. நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"என் பொண்ணு படிக்கிறான்னு சொல்லுங்கப்பா," என்றாள் ஜாஸ்லின். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, டி செக்‌ஷன் எந்த மாடியில் இருக்கிறது என்று பிரின்சிபாலிடமே கேட்டாள்.