முதல் பத்தியில் ஓர் இணைப்பு

1

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலில் இருந்து வந்தது, அதை எழுதியவள் நான்தான் என்பதால் தப்பிக்க வழியில்லை. அலெக்ஸாந்திரியாவில், காம்ப் சீஸர் டிராம் நிறுத்தத்துக்கு எதிரே, ஈரல் சாண்ட்விச் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, ஊரார் இணையப் பக்கங்களில் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு இணைப்பு கேட்டு எழுதுவதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. கடலுக்குப் போகிறவர்கள் ஹைஸமின் புயல் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள். இந்த வாக்கியம் இங்கே எதற்கு என்று இப்போதே கேட்காதீர்கள். அதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2

(முதலில் எழுதிய தொடக்கம் வேறு: "நவம்பர் மாதத்துக் கடல் சாம்பல் நிறத்தில்" — எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

(அடுத்தது: "எல்லாரும் எல்லாரையும் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும் இந்த உலகத்தில்" — வேண்டாம். தத்துவம் பேச எனக்குத் தெம்பில்லை.)

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். தேடும்போது உங்கள் கடை மேலே வர வேண்டுமானால், மற்ற பக்கங்கள் உங்கள் கடையைச் சுட்ட வேண்டும். ஆனால் எங்கிருந்து சுட்டினாலும் சரி என்று இல்லை. பக்கத்தின் அடியில் நெருக்கி அடுக்கிய இணைப்புகளை மனிதனும் பார்ப்பதில்லை, இயந்திரமும் மதிப்பதில்லை. ஓரத்துப் பட்டையில் இருப்பதும் அதே கதிதான். விஷயம் தெரிந்த ஒருவர், அந்த விஷயத்தைப் பற்றியே எழுதிய பக்கத்தில், முதல் பத்தியில், பேச்சோடு பேச்சாக, யாரும் கேட்காமல் வைத்த இணைப்பு ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் மதிப்பு. யாரும் கேட்காமல் வைப்பதைக் கேட்டு வாங்குவது என் வேலை. இதில் உள்ள அபத்தம் முதல் மாதமே எனக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் பழகிவிட்டது.

கேட்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். பழைய பக்கங்களில், சொடுக்கினால் திறக்காத உடைந்த இணைப்புகளைத் தேடிப் பிடிப்போம். பிறகு அந்தப் பக்கத்துக்காரருக்கு அக்கறையாக ஒரு மின்னஞ்சல்: உங்கள் அருமையான பக்கத்தில் ஓர் இணைப்பு உடைந்திருப்பதை வருத்தத்துடன் கவனித்தேன், அந்த இடத்தில் இதைப் போட்டால் வாசகர்களுக்கு உதவியாக இருக்குமே. நூறு பேருக்கு அனுப்பினால் தொண்ணூற்றாறு பேர் பதிலே போடமாட்டார்கள். போன் செய்கிறவர் யாருமே இல்லை.

3

போன் வந்தது.

"மெயில் போட்ட இன்ஜினியரம்மா நீங்கதானா?"

(எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் எல்லாம் இன்ஜினியர். நான் படித்தது வரலாறு.)

"ஆமாங்க, ரஷா பேசறேன். நீங்க?"

"மம்தூஹ். கெமிஸ்ட்ரி வாத்தியார், ரிட்டயர்டு. மீன்பிடி பக்கம் எழுதறேனே, அது. இணைப்பு உடைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. எத்தனை நாளா?"

"ஏழு மாசம் இருக்கும், உஸ்தாத்."

"ஏழு மாசமா! அது என் பையன் ஹைஸம் பண்ணின பக்கம்மா. எந்தப் புயல் எந்த வருஷம் என்னிக்கு வந்துதுன்னு பட்டியல். அவன் போய் நாலு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் நான் அதைத் திறந்ததே இல்ல. ஓரத்துல மஞ்ச மழைக்கோட்டு போட்டு ஒரு போட்டோ வெச்சிருப்பான். அதைப் பார்க்கத் தெம்பில்ல. இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்னு இருந்துட்டேன். உங்க மெயிலைப் பார்த்துட்டுதான் கிளிக் பண்ணினேன்."

இதுவரை எத்தனை ஆயிரம் மின்னஞ்சல் அனுப்பியிருப்பேன், அதில் யார் யார் நெஞ்சில் எல்லாம் மிதித்தேனோ.

"அவன் இடத்துல ஒரு தூண்டில் கடையைப் போடச் சொல்லியிருக்கீங்க."

"மன்னிச்சுடுங்க உஸ்தாத். எல்லாருக்கும் போற ஒரே மெயில்தான் அது."

"படிக்கும்போதே தெரிஞ்சுது. ரெண்டு எழுத்துப்பிழை வேற."

4

இந்த மம்தூஹ் மேல் எனக்கே சந்தேகம். கதைக்கென்று செய்த மனிதர்போல் இருக்கிறார், நீங்கள் நம்பமாட்டீர்கள். பேராசைக்காரராக மாற்றி ஒரு வரைவு எழுதினேன், "இணைப்புக்கு எவ்வளவு தருவீங்க" என்று — அடித்துவிட்டேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. "நேர்ல வாங்க, பேசணும்" என்று திட்டுகிற குரலில் சொன்னார், அவ்வளவுதான்.

போனேன். கடற்கரைச் சாலைச் சுவரில், தூண்டிலைப் போட்டுவிட்டு, உப்பில் ஊறிய திர்மிஸ் பருப்பைத் தோல் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்துத் தூண்டில்காரர் அப்துன்நபி என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"என்ன வாத்தியாரே, மீன் சிக்கலைன்னு ஆபீஸரம்மாவைப் பிடிச்சுட்டீரா?"

"சும்மா இருய்யா. ஹைஸமோட பக்கம் விஷயமா வந்திருக்காங்க. அது திறக்கலையாம்."

அப்துன்நபி சிரிப்பை நிறுத்தினார். தூண்டில் கயிற்றைத் தேவையில்லாமல் இழுத்துப் பார்த்தார். "அது... ஏழு மாசமா திறக்கல வாத்தியாரே. எங்க எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட போய் எப்படிச் சொல்றது? யாருக்கும் மனசு வரல."

மம்தூஹ் பருப்புப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வர்ற வாரம் துடைப்பம் வந்துரும்," என்றார் அப்துன்நபி என்னிடம். குளிர்காலப் புயல் ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஊரில் பேர் உண்டு, நவம்பரில் வருவது துடைப்பம். "காலண்டர்ல ஒரு தேதி போட்டிருப்பான். அதை எவன் நம்புவான்? சின்னப் படகுக்காரங்க எல்லாம் ஹைஸமோட தேதியைத்தான் பார்ப்பாங்க. முப்பது வருஷத்தைக் கணக்குப் போட்டு வெச்சிருந்தான் பையன்."

"திரும்பக் கொண்டுவர முடியுமாம்மா?" என்று கேட்டார் மம்தூஹ்.

முடியும் என்றேன். அந்தப் பக்கத்தின் இணைய முகவரிப் பேருக்கு ஹைஸம் சில வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிய கட்டணம் தீர்ந்துபோயிருக்கிறது. நினைவூட்டல்கள் எல்லாம் ஹைஸமின் அஞ்சல்பெட்டிக்கே போயிருக்கும், திறக்கத்தான் ஆளில்லை. பேரை மறுபடி வாங்கினால், பழைய பக்கங்களைச் சேர்த்துவைக்கும் தளங்களில் இருந்து பட்டியலையும் படத்தையும் எடுத்துவிடலாம், வியாழன் சாயங்காலத்துக்குள் செய்துவிடுகிறேன் என்றேன்.

"அப்போ வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு ஒரு தடவை கிளிக் பண்ணிப் பார்க்கறேன்," என்றார். "போட்டோவைப் பார்த்துக்கறேன். இந்தத் தடவை பார்த்துக்கறேன்."

5

இனி ராமி. எங்கள் முதலாளி.*

நான் செய்த தப்பு இதுதான்: உடைந்த இணைப்பைக் கண்ட அன்றே, பழக்கதோஷத்தில், எங்கள் இருவருக்கும் பொதுவான அட்டவணையில் அதைக் குறித்து வைத்திருந்தேன். புதன்கிழமை காலையில் ராமி அதைப் பார்த்துவிட்டான்.

"அடேயப்பா ரஷா, புதையலைக் கண்டுபிடிச்சுட்டு வாயே திறக்கலியே நீ! அந்தப் பேர் காலியா கிடக்குது. இருநூத்திப் பன்னெண்டு பக்கம் அதைச் சுட்டுது. படகு கிளப், பள்ளிக்கூடம், துறைமுகத்துக்காரன். எல்லாம் முதல் பத்தி. ஒண்ணுகூட கேட்டு வாங்கினது இல்ல!"

"அது ஒருத்தரோட செத்துப்போன பையன் பக்கம், ராமி."

"அல்லாஹ் அவனுக்கு அருள் செய்யட்டும். நாளைக்கு சாயங்காலம் நான் வாங்கிடறேன். அதுல தூண்டில் கடையைத் திறந்துடுவோம். நீ அதுக்குள்ள முகப்புக்கு எதாவது எழுதி வை. புயல் கியல்னு நல்லா உருக்கமா."

"அவர் ஒவ்வொரு நாளும் அந்தக் கடல்ல நிக்கறவரு."

"ராணியம்மா, இந்தத் தூண்டில் கடைக்காரன் நம்மை விட்டுப் போனா நாம ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும். அதையும் உருக்கமா எழுது."

* அடிக்குறிப்பில் வைப்பதற்கு மதிப்பில்லை என்று சொன்னேன் அல்லவா? அதனால் ராமியின் நல்ல குணங்களை இங்கே வைக்கிறேன். என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒன்பது நாள் அவன்தான் வண்டி ஓட்டினான். ஆபீஸ் பையன் என்று யாரையும் வைக்காமல் தேநீரை அவனே போடுவான். யாரும் படிக்காத இடத்தில் இதை எழுதுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

6

முடிவுகள்.

ஒன்று: நான் பேரை வாங்கிவிடுகிறேன். மஞ்சள் மழைக்கோட்டு திரும்பி வருகிறது. ராமி என்னோடு பேசுவதை நிறுத்துகிறான், டிசம்பரில் ஆபீஸை மூடுகிறான், அவன் வண்டி ஓட்டிய ஒன்பது நாளுக்கு நான் செய்த கைம்மாறு இதுவாக —

இரண்டு: ராமி வாங்கிவிடுகிறான். ஐந்து மணிக்கு மம்தூஹ் சொடுக்குகிறார். மகன் பேரில் தள்ளுபடி விலையில் தூண்டில் முள். துடைப்பம் என்றைக்கு என்று பார்க்க வந்த படகுக்காரனுக்கும் அதே தூண்டில் முள்தான்.

மூன்று: மம்தூஹே ஹைஸமின் இணைப்பைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறார், எல்லாரும் நிம்மதியாக — இல்லை. இது சோம்பேறியின் முடிவு. அடித்துவிட்டேன்.

உண்மை இது. இன்று வியாழன், மணி நாலே முக்கால். ராமி கீழே ஈரல் சாண்ட்விச் தின்றுகொண்டிருக்கிறான். வங்கி அட்டை என் விசைப்பலகைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அவன் உருக்கமாகக் கேட்ட முகப்புக்கான கோப்பில்தான் காலையிலிருந்து இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறெதுவும் எழுத வரவில்லை. மிகவும் களைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் என் தொழில் கற்றுக்கொடுத்த மாதிரி சரியாகச் செய்திருக்கிறேன். கடலைப் பற்றிய ஒரு பக்கத்தில், அடிக்குறிப்பில் இல்லாமல், ஓரத்தில் இல்லாமல், பேச்சோடு பேச்சாக, யாரும் கேட்காமல் ஓர் இணைப்பு வைத்திருக்கிறேன். இருநூற்றுப் பதின்மூன்றாவது. அதைச் சொடுக்கினால் திறப்பது மழைக்கோட்டா, தூண்டில் முள்ளா என்பதை நான் எழுதப்போவதில்லை.

படியில் ராமியின் செருப்புச் சத்தம் கேட்கிறது. முதல் பத்தி, மூன்றாவது வாக்கியம். மம்தூஹ் சொடுக்குவதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள்.